பயணத் தாதி வேலை: விளம்பரத்தில் ஒரு சம்பளம், சீட்டில் ஒரு சம்பளம்

“அமெரிக்காவில் பயணத் தாதி வேலை. வாரம் 2,200 டாலர்.” இப்படிப்பட்ட விளம்பரங்கள் இப்போது கைத்தொலைபேசி வழியாக நம் தோட்டத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. டாலருக்கு நாலு வெள்ளி என்று வைத்துக் கணக்குப் போட்டால் 8,800 வெள்ளி ஆகிறது. மாதச் சம்பளம் என்று நினைத்து விடாதீர்கள், வாரச் சம்பளம்! நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அப்படியென்றால் ஒரு தொழிலாளியின் ஐந்து மாதச் சம்பளத்தை அங்கே ஒரு தாதி ஒரே வாரத்தில் வாங்கிவிடுகிறார்!

“ஏங்கய்யா, எம் மக மிஸ்ஸியா அஞ்சு வருசமா வேலை பாக்குது. இதுக்கு அனுப்பலாமா? ஏஜெண்டு முன்பணம் கேக்குறாரு. நகைய வச்சாவது கட்டிடலாமான்னு பாக்குறோம்” என்று பேராக் மாநிலத்தில் பால் வெட்டும் தாய் ஒருவர் நம்மிடம் கேட்டார். அதே கேள்வியை வேறு சில பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள்.

பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்தந்த வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் நாம் தலையிடப் போவதில்லை. ஆனால் அந்த 2,200 டாலர் எப்படி வருகிறது, அதில் கூலி எவ்வளவு, யாருக்கு அது கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நகை அடகுக் கடைக்குப் போகக்கூடாது. அதனால்தான் இந்த வாரப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம்.

பயணத் தாதி என்றால் யார்?

நம் தோட்டங்களில் நிரந்தர ஆள், காண்டிராக்டு ஆள் என்று இரண்டு வகை உண்டல்லவா? அமெரிக்க மருத்துவமனைகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். மருத்துவமனையே நேரடியாக வேலைக்கு வைத்திருப்பவர் நிரந்தரத் தாதி. ஆள் போதாத நேரத்தில், ஏஜென்சி ஒன்றின் மூலம் சில வாரங்களுக்கு மட்டும் வந்து வேலை செய்துவிட்டுப் போகிறவர் பயணத் தாதி. பெரும்பாலும் 13 வாரத்திற்கு ஒப்பந்தம். அது முடிந்தால் இன்னொரு ஊர், இன்னொரு மருத்துவமனை. சம்பளம் கொடுப்பது ஏஜென்சி. வேலை வாங்குவது மருத்துவமனை.

இது 1978-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில், மார்டி கிரா திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க வெளியூர்த் தாதியரை வரவழைத்ததில் தொடங்கியது என்று சொல்வார்கள். குளிர்காலத்தில் வயதானவர்கள் வெயிலைத் தேடி புளோரிடாவில் வந்து தங்குவார்கள். அங்கே நோயாளிகள் கூடுவார்கள். சளிக்காய்ச்சல் பரவும் மாதங்களில் வார்டுகள் நிரம்பும். நிரந்தரத் தாதி பிரசவ விடுப்பில் போவார். கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 1999-ல் சட்டம் செய்து 2004 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். சாதாரண வார்டில் ஐந்து பேர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேர். ஆள் குறைந்தால் அங்கே சட்டமே உதைக்கும். ஆகவே எப்படியாவது தாதியைப் பிடித்தாக வேண்டும். இவையெல்லாம் சேர்ந்ததுதான் இந்த வேலைச் சந்தை.

இங்கே காண்டிராக்டு ஆளுக்கு நிரந்தர ஆளைவிடச் சம்பளமும் சலுகையும் குறைவு. அங்கே காண்டிராக்டு தாதிக்குச் சம்பளம் கூடுதலாகத் தெரிகிறது. ‘தெரிகிறது’ என்று நாம் எழுதியதற்குக் காரணம் உண்டு.

2,200 எங்கிருந்து வந்தது?

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயணத் தாதிக்கு வழக்கமாக வாரத்தில் மூன்று நாள் வேலை, நாளுக்கு 12 மணி நேரம், ஆக 36 மணி நேரம். அவருடைய ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் இப்படி இருக்கலாம்: மணிக்கு 25 டாலர் கூலி, 36 மணிக்கு 900 டாலர். சாப்பாட்டுப் படி 400 டாலர். வீட்டு வாடகைப் படி 900 டாலர். மூன்றையும் கூட்டினால் 2,200.

உண்மையான கூலி 900 டாலர்தான் என்பதை முதலில் கவனியுங்கள். மற்ற 1,300 டாலர் படி. வீட்டை விட்டு வெளியூரில் தங்கி வேலை செய்வதால் ஆகும் செலவுக்கென்று கொடுக்கப்படுவது. அதற்கு வருமான வரி கிடையாது என்பதால் ஏஜென்சிக்காரர்கள் கூலியைக் குறைத்துப் படியைக் கூட்டி எழுதுகிறார்கள். தாதியின் கைக்கு அன்றைக்கு அதிகம் வரும். அவருக்கும் சந்தோசம், ஏஜென்சிக்கும் வரிச்செலவு குறைவு.

ஆனால் பின்னால் வரும் எல்லாம் அந்த 900 டாலரை வைத்துத்தான். முதுமைக்கால ஓய்வூதியத்துக்கு அங்கே அரசாங்கம் பிடிக்கும் பணம் கூலியின் பேரில்தான் பிடிக்கப்படும். அந்த ஓய்வூதியம் கிடைக்கவே ஏறக்குறைய பத்து ஆண்டு வேலைக் கணக்கு இருக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் கிடைக்கும் நட்ட ஈட்டையும், வேலை போனால் கிடைக்கும் உதவித் தொகையையும் குறைந்த கூலியைக் காட்டியே கணக்கிடுவார்கள். நம் நாட்டிலும் ஓவர்டைமுக்கும் பயணப்படிக்கும் சேமநிதி கிடையாது என்பது நம் தொழிலாளர்களுக்குத் தெரிந்த விசயம். அதே பொறிதான், அங்கே கொஞ்சம் பெரிய அளவில் இருக்கிறது.

ஓவர்டைம் கணக்கைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. மூன்று நாள் வேலைக்கு 2,200 என்றால் ஒரு நாளுக்கு 733 டாலர் ஆகிறது. நான்காவது நாளும் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். மத்திய சட்டப்படி 40 மணிக்கு மேல்தான் ஒன்றரை மடங்கு. முதல் நாலு மணிக்கு 25 டாலர் வீதம் 100. மீதி எட்டு மணிக்கு 37.50 வீதம் 300. ஆக மொத்தம் 400 டாலர். ஓய்வு நாளையும் விட்டுக்கொடுத்து, நான்காவது நாளாக 12 மணி நேரம் நின்று உழைத்தால், சாதாரண நாளில் கிடைப்பதில் பாதியைவிடச் சற்றுக் கூட! ஓவர்டைமுக்குத் தனி வீதம் பேசி ஒப்பந்தத்தில் எழுதி வாங்காதவர்களுக்கு இந்தக் கதிதான்.

இதை எதிர்த்து அங்கே தாதியர் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். வேலைக்கு வராத நாளுக்குப் படியையும் வெட்டுகிறாய், அப்படியானால் அது படி அல்ல, வேலைக்கான கூலிதான். அதையும் சேர்த்து ஓவர்டைம் கணக்குப் போடு என்பது அவர்கள் வாதம். மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், ஒரு பெரிய ஏஜென்சிக்கு எதிரான வழக்கில் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் எல்லா ஒப்பந்தமும் அதே மாதிரி எழுதப்படுவதில்லை, எல்லா மாநிலமும் அந்த நீதிமன்றத்தின் கீழ் வருவதுமில்லை.

அடுத்தது வீடு. வரியில்லாத படி வேண்டுமென்றால் தாதிக்கு அமெரிக்காவில் நிலையான வீடு ஒன்று இருக்க வேண்டும். அதற்கு அவர் உண்மையாகவே செலவு செய்து வர வேண்டும். வேலைக்குப் போன இடத்திலும் வாடகை கொடுக்க வேண்டும். அதாவது இரண்டு இடத்திலும் செலவு. ஒரே ஊரில் ஓராண்டுக்கு மேல் தங்கி வேலை செய்தாலும் அந்தச் சலுகை போய்விடும். நிலையான வீடு இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு 2,200 முழுவதற்கும் வரி. “எங்க அப்பா வீடு சுங்கை சிப்புட்டுல இருக்குங்க” என்று சொன்னால் அங்கே எடுபடாது. படியை வாங்கிக்கொண்டு வரி கட்டாமல் விட்டால் பின்னால் வரி இலாகா வந்து கதவைத் தட்டும்போது பதில் சொல்ல வேண்டியவர் தாதி. ஏஜெண்டு அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

சரி, ஓராண்டுக்கு என்ன மிஞ்சும்? ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் சில வாரம் சும்மா இருக்க நேரும். 52 வாரத்தில் 46 வாரம் வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 101,200 டாலர். போன இடத்தில் வாடகை வாரம் 460 டாலர் என்றால் 21,160 போய்விடும். மீதி ஏறக்குறைய 80,000. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகக் கணக்குப்படி, 2024 மே மாதத்தில் பதிவு பெற்ற தாதியரின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 93,600 டாலர். நிரந்தரத் தாதி அந்தத் தொகை முழுவதற்கும் வரி கட்டுவார், பயணத் தாதி கூலிக்கு மட்டும் கட்டுவார். வரியெல்லாம் போனபின் இருவர் கையிலும் நிற்பது ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் நிரந்தரத் தாதிக்குச் சம்பளத்தோடு விடுமுறை, முதலாளி பங்கு போடும் மருத்துவக் காப்புறுதி, ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் பெரும்பாலும் உண்டு. பயணத் தாதி சும்மா இருக்கும் வாரங்களில் காப்புறுதியும் நின்று போகலாம். அங்கே காப்புறுதி இல்லாமல் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மழை நாள் அங்கேயும் உண்டு

விடியற்காலையில் மழை பிடித்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் கூலி என்ன என்று கணக்குப்பிள்ளை முகத்தைப் பார்த்து நின்ற காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். பயணத் தாதிக்கும் அப்படி மழை நாள் உண்டு. வார்டில் நோயாளி குறைந்தால், “இன்றைக்கு நீ வர வேண்டாம்” என்று முதலில் சொல்லப்படுபவர் அவர்தான். ஒப்பந்தத்தில் இத்தனை மணி நேரம் உறுதி என்று எழுதியிருந்தால் தப்பித்தார். எழுதாவிட்டால் கூலியும் போகும், படியும் போகும், வாடகை மட்டும் போகாமல் நிற்கும். ஒரு வார்டில் ஆள் மிகுந்தால் வேறு வார்டுக்கு அனுப்புவதும் முதலில் இவரைத்தான். வேலை கற்றுக்கொள்ள ஓரிரு நாள் தருவார்கள், அவ்வளவுதான். அதனால்தான் ஏஜென்சிகள் ஒரே பிரிவில் ஓராண்டு, இரண்டாண்டு அனுபவம் கேட்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவு, அவசரப் பிரிவு, அறுவைக்கூடம், பிரசவ வார்டு ஆகியவற்றில் கைதேர்ந்தவர்களுக்கு மவுசு அதிகம்.

விலை ஏறி இறங்குவதையும் பார்க்க வேண்டும். 1951-ல் கொரியச் சண்டைக் காலத்தில் ரப்பர் விலை எகிறியதும், பிறகு விழுந்ததும் நம் தோட்டங்களில் இன்றும் பேசப்படுகிற கதை. தாதியர் சந்தையில் அந்தக் கொரியச் சண்டை, கோவிட். 2020 தொடக்கத்தில் பயணத் தாதியரின் சராசரி வாரச் சம்பளம் 2,000 டாலருக்குக் கீழே இருந்தது. தொற்று நியூயார்க்கைப் பிடித்து ஆட்டியபோது வாரம் 10,000 டாலர் வரை கொடுத்த ஒப்பந்தங்களும் வந்தன. 2021 கடைசியில் நாடு முழுவதும் சராசரியே 3,000-ஐத் தாண்டி நின்றது. 2022-ல் நோய் தணிந்தது, அரசாங்கத்தின் அவசர உதவிப் பணமும் வற்றியது. சம்பளமும் சரிந்துவிட்டது. அந்த நேரத்தில், 13 வாரம் பேசிக் கையெழுத்துப் போட்டு, வீட்டையும் வாடகைக்கு எடுத்த தாதியிடம் நடுவில் வந்து “இந்த வாரம் முதல் சம்பளம் குறைவு; இஷ்டமானால் இரு” என்றிருக்கிறார்கள். சில ஏஜென்சிகள் மேல் தாதியர் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். இன்றைக்கும் சில விளம்பரங்களில் காட்டப்படும் பெரிய தொகை அந்த 2021-ன் வாடை அடிக்கும் தொகைதான்.

இன்னொரு வகைப் பெரிய தொகையும் உண்டு. வேலைநிறுத்த நேரத்தில் வருவது. 2023 ஜனவரியில் நியூயார்க் நகரத்து இரண்டு பெரிய மருத்துவமனைகளில் 7,000 தாதியர் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் பெரிதும் கேட்டது வார்டுக்குப் போதிய ஆள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 2021 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் 300 நாளைத் தாண்டியது. நிர்வாகம் அங்கே நிரந்தரமாகவே மாற்று ஆள் எடுத்தது. இப்படிப்பட்ட நேரத்தில் உள்ளே போய் வேலை செய்ய ஏஜென்சிகள் வழக்கத்தைவிட மிக அதிகமாகக் கொடுக்கும். நோயாளியைக் கவனிக்காமல் விடலாமா என்று அவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். அந்த நியாயத்தில் உண்மையும் இல்லாமல் இல்லை. ஆனால் சங்கத்தில் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு, கேட்டுக்கு வெளியே நிற்பவர்கள் தன்னைக் கருங்காலி என்று அழைப்பார்கள் என்பதாவது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்குமா?

இதைத்தான் விளம்பரம் சொல்வதே இல்லை. இங்கிருந்து ஒரு தாதி நேரே போய்ப் பயணத் தாதி ஆகிவிட முடியாது. வெளிநாட்டுத் தாதியர் பெரும்பாலும் போவது ஈ.பி.-3 என்ற குடிநுழைவு விசா வழியாக. அதற்கு நிரந்தரமான முழுநேர வேலை தருகிறேன் என்று அமெரிக்க முதலாளி ஒருவர் மனுப்போட வேண்டும். 13 வார வேலை அந்தக் கணக்கில் சேராது. கனடா நாட்டுத் தாதியருக்கு வேறொரு சுலபமான வேலை விசா உண்டு. அவர்கள் எல்லையைத் தாண்டிப் பயணத் தாதியாகப் போகிறார்கள். மலேசியர்களுக்கு அந்த வழி இல்லை.

ஆகவே ஒழுங்கான வரிசை இது: முதலில் படிப்புச் சான்றிதழை அமெரிக்க முறைக்கு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். பிறகு என்கிளெக்ஸ் என்ற தாதியர் தேர்வில் தேற வேண்டும். ஆங்கிலத் தேர்வு வேண்டும். விசாவுக்கென்று தனித் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதன்பின் முதலாளி மனு, அதன்பின் காத்திருப்பு. வேலைவழிக் குடிநுழைவுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 140,000 இடம்தான், எல்லாத் தொழிலுக்கும் சேர்த்து. இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் பிறந்தவர்களுக்குத் தனி வரிசை. மலேசியாவில் பிறந்தவர்கள் மற்ற நாட்டார் வரிசையில் நிற்கிறார்கள். அதிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். “ஆறு மாசத்துல பிளைட்டு ஏத்தி வுட்டுர்றேன்” என்று ஒரு ஏஜெண்டு சொன்னால், அவர் எந்த விசாவைப் பற்றிப் பேசுகிறார் என்று பேர் கேட்டு எழுதி வாங்குங்கள்.

போய்ச் சேர்ந்தபின் நிரந்தர வசிப்புரிமை கிடைக்கிறது. ஒப்பந்தக் காலமான இரண்டு மூன்று ஆண்டுகளை ஒரே இடத்தில் முடித்து, அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டு, பிடித்தால் பயணத் தாதி ஆகலாம். அப்போதும் ஒவ்வொரு மாநிலமும் தனி உரிமம் கேட்கும். 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து ஒரே உரிமத்தை ஏற்கும் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் சேரவில்லை.

சிக்கல் அந்த இரண்டு மூன்று ஆண்டில்தான் இருக்கிறது. பல ஆள் எடுக்கும் நிறுவனங்கள், நடுவில் வேலையை விட்டால் இத்தனை ஆயிரம் டாலர் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கின்றன. நியூயார்க்கில் முதியோர் இல்லங்களுக்குப் போன பிலிப்பைன்சுத் தாதியரிடம் 25,000 டாலர் வரை அபராதம் போடும் நிபந்தனை இருந்தது. 200-க்கும் மேற்பட்ட தாதியர் சார்பில் வழக்கு நடந்தது. பேசிய சம்பளத்தைக் கொடுக்கவில்லை, அபராதத்தைக் காட்டிப் பயமுறுத்தி வேலை வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2019-ல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அபராத நிபந்தனை செல்லாது என்றும், மனிதக் கடத்தலிலிருந்து காக்கும் சட்டத்துக்கே அது விரோதம் என்றும் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவிலும் 2026 ஜனவரி முதல் செய்யும் ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட நிபந்தனைகள் பலவற்றைத் தடுக்கும் சட்டம் வந்திருக்கிறது. என்றாலும் ஒப்பந்தங்களில் அந்த வரிகள் ஒழிந்துவிடவில்லை.

முன்பணமும் கடனும் ஆளைக் கட்டிப்போடும் விதம் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய கங்காணி ஊரில் முன்பணம் கொடுத்தான். தோட்டத்தில் அது கடனாக நின்றது. பெரட்டுக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகே அந்த ஆள்கட்டல் நின்றது. அமெரிக்க ஏஜென்சியும் தலைக்காசில்தான் நடக்கிறது. மருத்துவமனை ஒரு மணிக்குக் கொடுக்கும் பணத்தில், தாதியின் கூலி, படி, வரி எல்லாம் போக ஏறக்குறைய கால் பங்கு ஏஜென்சியிடம் நிற்கும். எல்லா ஏஜென்சியும் மோசம் என்று நாம் சொல்லவில்லை. ஆள் தேடுவதும், உரிமம் வாங்கித் தருவதும், சம்பளம் பட்டுவாடா செய்வதும் அவர்கள் வேலைதான், அதற்குக் கூலி உண்டு. மருத்துவமனை மணிக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டால் சொல்கிற ஏஜென்சியும் உண்டு, வாயைத் திறக்காத ஏஜென்சியும் உண்டு. கேட்டுப் பார்த்தால் ஆளை ஓரளவு எடை போட்டுவிடலாம்.

பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தாதியர் பலர் ஜொகூர் பாலத்தைத் தாண்டி அங்கே வேலை செய்கிறார்கள். சிங்கப்பூர் டாலரை வெள்ளியாக மாற்றிப் பார்த்தே மனம் குளிர்ந்துவிடுகிறது. ஆனால் வேலை அனுமதியில் இருப்பவருக்கு அங்கே மத்திய சேமநிதி கிடையாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் உண்டு. இங்கே முதலாளி போட்டு வந்த சேமநிதியும் அன்றோடு நின்றுவிடும். இரண்டு ஊர்ச் சம்பளத்தையும் ஒப்பிடும்போது இந்த ஓட்டையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சந்தை நம் நாட்டிலேயே எப்படித் திரும்பியது என்பதும் நினைவிருக்கும். 2010-ஆம் ஆண்டு வாக்கில் தனியார் கல்லூரிகளில் கடன் வாங்கித் தாதிமை படித்த பிள்ளைகள் பலர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நம் பெண் பிள்ளைகளும் அதில் உண்டு, பி.டி.பி.டி.என். கடன்தான் மிச்சம் என்று அழுத தாய்மாரை நாம் பார்த்திருக்கிறோம். இன்று அதே நாட்டில் தாதியர் பற்றாக்குறை என்ற பேச்சு. ஆகவே அனுபவமும் பதிவும் உள்ள ஒரு மிஸ்ஸி இன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நின்று பேரம் பேசலாம். கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

நகையைப் பற்றிக் கேட்ட பேராக் தாய்க்கு நமது பதில் இதுதான், அம்மா: முன்பணம் கட்டாதீர்கள். முதலில் ஏஜெண்டிடம் 1981-ஆம் ஆண்டு தனியார் வேலை நிறுவனச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று பக்கத்துத் தொழிலாளர் இலாகாவில் போய் விசாரியுங்கள். மகளை என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள். அது யாரும் பறிக்க முடியாத சொத்து, எந்த ஏஜெண்டு வந்தாலும் போனாலும் உதவும். ஒப்பந்தம் வந்தால், மணிக்கு வரி பிடிக்கும் கூலி எவ்வளவு, படி எவ்வளவு, எத்தனை மணி நேரம் உறுதி, ஓவர்டைம் வீதம் என்ன, வேலையை விட்டால் என்ன கேட்பார்கள், விமானச் சீட்டு யார் செலவு, எந்த ஊர் எந்த மருத்துவமனை என்ற விவரமெல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். “அதெல்லாம் அங்க போயி பேசிக்கலாம்” என்று வாயால் சொன்னதை அங்கே எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது.

அரசாங்கக் கல்லூரியில் படித்தவர்கள், இங்கே கையெழுத்திட்ட சேவைப் பிணைக்காலம் முடிந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் அபராதம்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது, புரியவில்லை என்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் அதன் நகலை இப்பகுதிக்கு அனுப்பி வைக்கலாம்; தெரிந்தவர்களைக் கொண்டு படித்துச் சொல்கிறோம். நகலை மட்டும் அனுப்புங்கள். கடப்பிதழையும் அசல் சான்றிதழ்களையும் நமக்கும் அனுப்ப வேண்டாம், ஏஜெண்டிடமும் விட்டு வைக்க வேண்டாம்.